பிற விவரம்

அத்தியாயம் 14

"அம்மா, எம் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?"

லோகப்பிரியாவுக்கு அப்போது ஆறு வயது. சூலூர் சந்தையில் வளையல்காரர் ஒருவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார். முன்பின் தெரியாத மனிதர் தன் பெயரைச் சொன்னதும் குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு கேட்ட கேள்வி அது.

ராசாத்தாள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். டீச்சர், பக்கத்து வீட்டார், அப்பாவின் தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள், இந்த வளையல்காரர். "அப்புறம் சாமிக்குத் தெரியும் கண்ணு."

"சாமிக்கு யாரு சொன்னாங்க?"

"நாந்தான் சொன்னேன்."

"எனக்கு வேண்டாம்னா எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிக்கலாமா?"

ராசாத்தாள் சிரித்தாள். கால் டஜன் பச்சை வளையல் வாங்கி மகளின் கையில் மாட்டிவிட்டாள். குழந்தையும் கேள்வியை மறந்துபோனது.

பதினெட்டு வருடம் கழித்து, ஆவணி மாதத்து வியாழக்கிழமையன்று காலை, அந்தக் கேள்வி ராசாத்தாளின் அடுப்படியில் வந்து நின்றது. இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்குனியில் குலதெய்வக் கோயில் பூசைக்குப் போயிருந்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சிங்காநல்லூர் கல்யாணத் தகவல் மையத்துக்காரர்கள் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, பெண்ணும் பையனும் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பூசாரி அந்தக் கட்டின் மேல் குங்குமம் வைத்துத்தான் கொடுத்தார். பெயர், நட்சத்திரம், குலக் கூட்டம், படிப்பு, நிலம், நகை என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'பிற விவரம்' என்று ஒரு கட்டம். அதன் கீழே, 'மேற்கண்டவை யாவும் குலதெய்வம் சாட்சியாக உண்மை' என்று அச்சாகியிருந்தது.

மற்றவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ராசாத்தாளால் முடியவில்லை. சாமி எதிரில் இருந்தது. மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுதினாள்:

'ஏழு வயதில் இருந்து வலிப்பு வந்து, பன்னிரண்டு வயதில் பூரண குணமாகி, இன்றுவரை இல்லை.'

அந்த ஒரு வரி கம்ப்யூட்டருக்குள் போனது. கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலாக வெளியே வந்தது. எந்தெந்த ஊருக்கோ, எந்தெந்தக் கடைக்கோ போனது. புடவைக்கடையில் இருந்து கடிதம் வந்தது, இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார், கல்யாண மண்டபத்துக்காரர் வந்தார். அதுவரையில் பொறுத்துக்கொண்டார்கள். லோகப்பிரியா வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியில் ஒரு குழந்தையின் அம்மா, தன் தம்பிக்காக வாங்கிய பட்டியலோடு தாளாளரிடம் போய் நின்றதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் லீவு எடுத்துக்கம்மா. அதுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்," என்று தாளாளர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

போதாதற்கு, நாளை வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியல் முழுவதும் இன்டர்நெட்டில் ஏறப்போகிறதாம். 'உலகம் முழுக்கப் பார்க்கலாம்' என்று மையத்துக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"உலகம் முழுக்க," என்று லோகப்பிரியா அதை வாசித்துவிட்டுச் சொன்னாள். "வளையல்காரரோட நின்னிருக்கலாம்மா."

*

பத்தரை மணிக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் அப்துல் குத்தூஸ்.

மற்ற வீடுகளுக்குத் திண்ணையின் மேல் போட்டுவிட்டுப் போகிறவர், இந்த வீட்டுக்கு மட்டும் இரண்டு வாரமாக இறங்கி வருகிறார். ஒரு பழைய செய்தித்தாளை மடித்துக் கையில் கொடுப்பார். உள்ளே தபால் அட்டை இருக்கும்.

"இன்னைக்கு ஒண்ணுதானுங்கம்மா."

ராசாத்தாள் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். கரூர்ப் பக்கம் ஏதோ ஒரு வைத்தியசாலையில் இருந்து வந்த அச்சடித்த அட்டை. 'செல்வி லோகப்பிரியா அவர்களுக்கு. தங்கள் வலிப்பு நோய்க்கு நாற்பது நாளில் தீர்வு.' மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. உறைகூட இல்லாத அட்டை; ஊரே படிக்கலாம்.

"நான் ஒண்ணும் படிக்கலீங்கம்மா," என்றார் குத்தூஸ், கேட்காமலே.

படிக்காமல் எதற்காகச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவர வேண்டும்? ராசாத்தாளுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பொய்யை எந்தச் சாமியும் கணக்கில் வைக்காது என்று அவள் நினைத்தாள். "மோர் குடிச்சுட்டுப் போங்க பாய்," என்றாள். அவர் குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவள் கணவர் தம்பிதுரை இரண்டு தெரு தள்ளித் தறிக்குடோனில் இருந்தார். எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மகளுடைய விஷயத்தைக் கத்திச் சொல்ல முடியாமல், ராசாத்தாள் அவரை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்தாள்.

"ஏனுங்க, நீங்களும் சிங்காநல்லூர் வாங்க. ஆம்பளை ஒருத்தர் வந்து கேட்டா மரியாதை கொடுப்பாங்க."

"நான் வந்து என்ன பேசறது? கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு என்ன தெரியும்? அந்தப் பையன் பாட்டுக்கு இங்கிலீசுல நாலு வார்த்தை சொன்னா, சரீங்கன்னு தலையாட்டிட்டு வருவேன்."

"அப்ப என்னதான் பண்றது?"

தம்பிதுரை துண்டால் முகத்தைத் துடைத்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "ராசாத்தா, நானும் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டவன்தான். நூல்காரன் நீட்டற காயிதத்துல போடற மாதிரி, படிச்சுக்கூடப் பாக்காம போட்டேன். உன்னைய மட்டும் குத்தம் சொல்லமாட்டேன். ஆனா வெளிய போனது போனதுதான். நூல் அந்தா அங்க அறுந்தா முடிச்சுப் போடலாம். இது எங்க அறுந்துச்சுன்னே தெரியலயே."

உள்ளே ஒரு தறி நின்றது. அவர் ஓடினார். அவரால் கட்ட முடிந்த முடிச்சு அதுதான்.

*

வீட்டைப் பூட்டி, அந்தப் பெரிய இரும்புச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு லோகப்பிரியா முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"என்னம்மா, அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு? பட்டியல் அவர்கிட்டயும் இருக்குதோ என்னமோ."

"சும்மா இரு கண்ணு."

"சிரிக்கோணும்மா. இல்லாட்டி அழுதுபோடுவேன். உனக்கு எது வேணும்?"

ராசாத்தாள் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வலிப்பு வந்த நாட்களில் பிடித்த அதே கை. ஐந்து வருடம், எந்நேரமும் எதிர்பார்த்து, அந்தக் கையைப் பிடித்தபடியே தூங்கியிருக்கிறாள். குணமானபோது குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டார்கள். நோய் போனதைச் சொல்லத்தான் அந்த வரியையே எழுதினாள். சாமி செய்த உதவியை மறைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவோமே என்று பயந்தாள். இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

தகவல் மையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் மாடியில் இருந்தது. வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள், நாளைய இன்டர்நெட் திறப்பு விழாவுக்கு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மஞ்சள் துணியில் உறை, மேலே பிள்ளையார் படம். அதன் முன்னால் இருபது, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி விரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் ஹாரிகா என்று மேசையில் எழுதியிருந்தது.

மையத்தின் உரிமையாளர் கிருபாசங்கருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. ராசாத்தாளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா, ஒக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

இவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று ராசாத்தாளுக்குத் திகைப்பாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள். சொல்ல வந்ததை மெதுவாகவே சொன்னாள். "என்ற புள்ளை பேரை எடுத்துப்போடுங்க தம்பி. எங்களுக்கு வேண்டாம்."

"எடுத்துரலாமுங்க்கா. அதுக்கொரு படிவம் இருக்குதுங்க."

அவர் படிவத்தைத் தேடும் நேரத்தில், பக்கத்து பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் பட்டியல் கட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேசியது காதில் விழுந்தது. வெள்ளகோவில்காரர்கள். மகனுக்குப் பெண் தேடி வந்தவர்கள். அந்த மனிதர் உரக்கப் படித்தார்.

"நூத்தி எழுபத்திரெண்டு. சூலூரு. பி.எஸ்ஸி. எட்டுத் தறி. பரவால்லையே... அட, கடைசியில என்ன போட்டிருக்குது? 'ஏழு வயதில் இருந்து வலிப்பு.' தள்ளு, தள்ளு. கட்டிட்டு வந்தா, மணவறையிலயே கையில குடுக்க இரும்புச் சாவியைத் தேடிட்டு ஓடோணும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராசாத்தாளுக்கு அந்தச் சிரிப்புக்கு முன்னால் வேறொன்று உறைத்தது. "தம்பி, மீதி எங்கீங்க? குணமாயிருச்சுன்னு எழுதியிருந்தேனே?"

கிருபாசங்கர் ஹாரிகாவைப் பார்த்தார். ஹாரிகா விரலை நிறுத்தினாள். "அந்தக் கட்டம் இருபது எழுத்துக்கு மேல வாங்காதுங்கம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "எது வரைக்கும் இடம் இருந்துச்சோ, அது வரைக்கும் அடிச்சேனுங்க."

இருபது எழுத்து. ஐந்து வருடத்து வேதனைக்கு இடம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துச் சுகத்துக்கு இடம் இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் லோகப்பிரியா எழுந்தாள். கைப்பையைத் திறந்து இரும்புச் சாவியை எடுத்தாள். நேராகப் போய் வெள்ளகோவில்காரர் மடியில் இருந்த பட்டியலின் மேல் அதை வைத்தாள்.

"தேட வேண்டாமுங்க. நானே கையோட கொண்டுவந்திருக்கறேன்."

அந்த மனிதருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துப்போயிற்று. "தெரியாமப் பேசிப்போட்டேன் அம்மணி. நீதான்னு தெரியாதே."

"தெரியாதுன்னுதானுங்க எல்லாரும் பேசறாங்க."

மனைவி தலை குனிந்துகொண்டாள். இருவரும் கட்டை மேசையில் வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு சாவியையும் விட்டுவிட்டு, படியிறங்கிப் போனார்கள். அவர்களும் பொல்லாதவர்கள் இல்லை. ஒரு காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆள் எதிரில் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது.

ராசாத்தாளின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முள்ளாக நெருடியது. என்னவென்று யோசிப்பதற்குள் கிருபாசங்கர் படிவத்தை நீட்டினார்.

*

'பெயர் நீக்கக் கோரிக்கை' என்று தலைப்பு. கீழே, 'காரணம்' என்று எழுதி இரண்டே இரண்டு கட்டம்.

ஒன்று: திருமணம் நிச்சயமாகிவிட்டது.

இரண்டு: காலமானார்.

ராசாத்தாள் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்றதுக்குக் கட்டம் இல்லீங்களே தம்பி?"

கிருபாசங்கர் தலையைச் சொறிந்தார். "மெட்ராஸ்காரன் எழுதிக்கொடுத்த புரோகிராமுங்க்கா. அதுல இந்த ரெண்டுதான். யாராவது சும்மா வேண்டாம்னு சொல்வாங்கன்னு அவனும் நினைக்கல, நானும் நினைக்கல. ரெண்டுல ஒண்ணைத் தட்டினாத்தான் பேரு போகும்."

"நிச்சயம்னு போட்டா?"

"பத்திரிகை ஒண்ணு வைக்கோணுங்க. ஆளுக போட்டிக்கு அடுத்தவங்க பேரை எடுத்துப்போடறாங்கன்னு அப்பிடி வெச்சிருக்கறோம்."

"அப்ப... ரெண்டாவதுக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. கையெழுத்து மட்டும் போதும்."

லோகப்பிரியா பேனாவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "ரெண்டாவதப் போடும்மா."

"என்னடீ பேசற?"

"போட்டா நான் செத்தா போயிருவேன்? காயிதத்துலதான. நான் திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகோணும். ரெண்டாவது 'பி' கிளாஸ்ல முப்பத்தொரு கொழந்தைக. தேன்மொழின்னு ஒருத்தி, நான் ஊட்டிவிட்டாத்தான் இட்லி சாப்பிடுவா. எனக்கு அது வேணும். கல்யாணம், மாப்பிள்ளை எல்லாம் எப்பவாவது வரட்டும். போடு."

ராசாத்தாள் பேனாவைப் பிடித்தாள். மை தாளைத் தொடப் போயிற்று. அப்போதுதான் அடியில் அந்த வரி கண்ணில் பட்டது, அதே எழுத்து, அதே அச்சு: 'மேற்கண்டவை குலதெய்வம் சாட்சியாக உண்மை.'

ஏழு வயதில் நுரை தள்ளிக் கிடந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, 'இவளை எடுத்துக்காதே' என்று எந்தச் சாமியிடம் கெஞ்சினாளோ, அதே சாமியைச் சாட்சி வைத்து 'காலமானார்' என்று எப்படி எழுதுவாள்? இது வெறும் காகிதம்தான் என்று அறிவு சொன்னது. பெற்ற வயிறு கேட்கவில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாது கண்ணு."

லோகப்பிரியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, கத்தாமல், பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "சாமிகிட்ட நல்ல பேரு வாங்கோணும்னு எம் பேரைக் குடுத்துட்ட. இப்பவும் உனக்கு உன்ற பேருதான் பெருசாப் போச்சு."

அவள் படியிறங்கிவிட்டாள்.

கிருபாசங்கர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நான் வேணும்னா அடுத்த மாசம் மெட்ராஸ்காரன் வர்றப்ப மூணாவது கட்டம் ஒண்ணு போடச் சொல்றேனுங்க்கா. இன்னைக்கு நாலு மணிக்கு பிளாப்பியை ஆர்.எஸ்.புரத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கோணும். இப்ப என் கையில ஒண்ணும் இல்லீங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. யாரிடம் போனாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று ராசாத்தாளுக்குத் தோன்றியது. மெட்ராஸ்காரனிடம் போனால் அவனும் யாரையாவது கை காட்டுவான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

*

சந்து முனையில் பின்னால் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஹாரிகா. கையில் இரும்புச் சாவி.

"மறந்துட்டுப் போறீங்கம்மா."

சாவியைக் கொடுத்தவள் உடனே திரும்பவில்லை. மாடி ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பிளாப்பியில காப்பி போடறது நாந்தானுங்கம்மா. பேரை எடுக்க எனக்கு பாஸ்வேர்டு இல்லீங்க. ஆனா அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக்க முடியும். நாலு மணிக்குள்ள பண்ணிப்பாக்கறேன். மொதலாளி பக்கத்துலயே ஒக்காந்துட்டாருன்னா முடியாதுங்க. கண்டிப்பாச் செய்யறேன்னு சொல்லமாட்டேன்."

ராசாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். "உனக்கு வேலைக்கு ஏதாவது ஆயிருமே கண்ணு?"

"அந்த இருபது எழுத்தை அடிச்ச கை இதுதானுங்க," என்றாள் அந்தப் பெண். "முழுசாப் படிச்சுட்டுத்தான் அடிச்சேன். பாதியில நின்னா என்ன அர்த்தம் வரும்னு அப்ப யோசிக்கல."

"எல்லாப் புள்ளைகளுக்கும் காலியாக்க முடியாதா?"

"ஒண்ணுன்னா தெரியாதுங்க. எல்லாத்தையும் அழிச்சா மாட்டிக்குவேன். ஒண்ணுதானுங்க." அவள் குரல் தணிந்தது. "அதுவும் இன்டர்நெட்டுக்கு மட்டும்தானுங்கம்மா. ஏற்கெனவே வெளிய போன பேப்பரை நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஒவ்வொரு ஊட்டு அலமாரியிலயும் ஒரு கட்டுக் கெடக்குது."

அவள் ஓடிவிட்டாள்.

நெஞ்சில் நெருடிய முள் என்னவென்று ராசாத்தாளுக்கு அப்போது தெரிந்தது.

அவள் வீட்டு அலமாரியிலும் ஒரு கட்டு இருந்தது. மகன் மதன்குமாருக்குப் பெண் பார்க்கத் தை மாதம் வாங்கிய முதல் பட்டியல், நூற்றைம்பது பெண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பழனியாத்தாள் வந்திருந்தபோது, முறுக்குத் தின்றுகொண்டே அதை வரிசையாகப் படித்தார்கள். நூற்று நாற்பத்தெட்டாவது பெண்ணின் கடைசிக் கட்டத்தில் 'இடது காது கேளாது' என்று இருந்தது. "புருசங்காரன் வாழ்நாள் பூரா வலது பக்கமே ஒக்காந்து பேசோணுமாக்கும்," என்று சொன்னது யார்? பழனியாத்தாள் இல்லை. ராசாத்தாள்தான். எல்லோரும் சிரித்தார்கள். லோகப்பிரியா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இப்போது நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் கோடு இழுத்துவிட்டுப் போகும் கட்டத்தில் அதை எழுதியவள் யார்? அவளும் ஒரு தாய்தானே. அவளும் எங்கேயோ ஒரு சாமிக்குப் பயந்துதான் எழுதியிருப்பாள். 'இடது காது கேளாது' என்பதற்குப் பின்னால் இருபது எழுத்துக்குள் அடங்காதது என்னவெல்லாம் இருந்ததோ.

'ஒண்ணுதானுங்க' என்று ஹாரிகா சொன்னபோது, நூற்று நாற்பத்தெட்டை நினைத்துக்கூடப் பார்க்காமல், மகளுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றதும் அவள்தானே.

*

பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த மகளோடு சூலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஹாரிகா சொன்னதை மகளிடம் சொல்லலாமா என்று ராசாத்தாள் நினைத்தாள். நடக்காவிட்டால் இன்னொரு ஏமாற்றம். சாவியை மட்டும் எடுத்து மகள் மடியில் வைத்தாள். லோகப்பிரியா அதைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குளத்தில் தண்ணீர் வெயிலில் மின்னியது.

வீட்டுக்கு வந்ததும் மகள் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். ராசாத்தாள் கடிகாரத்தின் முன்னாலேயே நின்றாள். நாலு அடித்தது. சிங்காநல்லூரில் அந்தப் பெண்ணின் விரல் அந்தக் கட்டத்தைத் தொட்டதா, முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாரா? சூலூரில் நின்றுகொண்டு அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? நாளைக்கு உலகம் முழுக்கப் பார்க்கும்போதுதான் அவளுக்கும் தெரியும். அப்போதும் அவளுக்கு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

பூசை மாடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். எத்தனையோ முறை கேட்டு வாங்கியவள், இன்று முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் அந்தக் கட்டு இருந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் கம்ப்யூட்டர் தாள். 'பிற விவரம்' வலது ஓரத்தில் இருந்தது.

கத்தரியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். வெந்நீர் அடுப்பின் முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தாளில் இருந்து அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்தாள். படிக்கக் கூடாது என்று கண்ணைத் தாழ்த்தித்தான் வெட்டினாள். ஆனாலும் ஒன்றிரண்டு கண்ணில் பட்டது. தகப்பனார் குடி. முன்பு நிச்சயம் ஆகி நின்றது. முகத்தில் தீக்காயம். அத்தனையும் நீளநீளமான ரிப்பனாகச் சுருண்டு மடியில் விழுந்தது.

கடைசித் தாள் வந்தது. நூற்று நாற்பத்தெட்டு. அங்கே மட்டும் கை நின்றது. வலது கையால் கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டாள். பிறகு வெட்டினாள்.

வெட்டியபின் அந்த வரியைப் படித்துப் பார்த்தாள். வெள்ளகோவில் பக்கத்து ஊர். உத்திரட்டாதி. பி.காம். தையல் தெரியும். அவ்வளவுதான் இருந்தது. லட்சணமான ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

ஓரத் துண்டுகளை அடுப்புக்குள் வைத்து நெருப்புக்குச்சி கிழித்தாள். காகிதம் பொசுக்கென்று பற்றிக்கொண்டது. மேலே இரண்டு விறகை வைத்து ஊதினாள். கண்ணில் நீர் வந்தது. புகையென்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. தறிச் சத்தம் இரண்டு தெரு தாண்டி லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

எத்தனையோ அலமாரிகளில் எத்தனையோ கட்டுகள் இருக்கும். அதில் ஒன்று இல்லாமல் போனால் அந்த வெள்ளகோவில் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஒன்றும் வராது. அவளுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. ராசாத்தாள் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லாமல் சாம்பலாகும் வரை.

அண்டாவில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, என்ன பொகை வருது?"

"தண்ணி காஞ்சிருச்சு கண்ணு," என்றாள் ராசாத்தாள், கத்தரியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. "எறங்கி வா. தலைக்கு ஊத்திவிடறேன்."